உச்சிவேளைக் கும்பிடு

கல்மேட்டு மடுவின் கரையில் வெடுக்கி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். அவளுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. புல் அசைந்தால் பாம்பு என்பாள். புல் அசையாவிட்டால், பாம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது என்பாள். ஒருநாள் தன் நிழலே தன்னைப் பின்தொடர்கிறது என்று கத்தி மடுவையே கலக்கிவிட்டாள்.

இதற்காக யாரும் அவளைக் கோபித்துக்கொள்வதில்லை. மடுவைக் காவல் காப்பது அவள் குலத்துக்கு வந்த வேலை. சந்தேகப்படாத காவலாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நரி வந்தால் ஒரு கூவல். பாம்புக்கு இரண்டு. உடும்புக்கு மூன்று. கீரிக்கு நான்கு. பாறு வந்தால் ஐந்து. பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. மடுவில் அதற்குத்தான் எல்லாரையும்விடக் கெட்ட பெயர்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் நாமக்கோழி அரங்கப்பரின் கொள்ளுத்தாத்தா. காப்பாற்றி வருபவர் அரங்கப்பர். நாமக்கோழி ஒரு நீர்ப்பறவை. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளை நாமம். "பிறக்கும்போதே நாமத்தோடு பிறந்த குலமாக்கும் எங்கள் குலம்!" என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார். அவர் வீட்டுக் குஞ்சுகளுக்கோ தலை செக்கச்செவேல் என்று இருக்கும். நாமம் வளர்ந்த பிறகுதான் வரும். எல்லாரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் வாய் திறந்ததில்லை.

யார் எந்தத் துறையில் தண்ணீர் குடிக்கலாம் என்பதை அரங்கப்பர்தான் சொல்வார். முதலில் பிறப்பைக் கேட்பார். பிறகு துறையைக் காட்டுவார். கிழக்குத் துறை ஊற்றுத் தண்ணீர், கண்ணாடி போல இருக்கும். அது கருடனுக்கு. அடுத்தது நாமக்கோழிகளுக்கு. அப்படியே இறங்கி இறங்கி, மடு நிரம்பி வழிந்து வெளியே ஓடுமே மறுகால், அந்தக் கலங்கல் தண்ணீர் மூக்கனுக்கு.

மூக்கன் ஒரு பாறு. தலையில் ஒரு மயிர் கிடையாது. கழுத்து நீளம். மடுவைச் சுற்றி எது செத்துக் கிடந்தாலும் அவன்தான் தின்று முடிப்பான். மடுத் தண்ணீர் நாறாமல் இருப்பது அவனால்தான். ஆனால் அவன் நிழல் தண்ணீரில் பட்டால் நாமக்கோழிகள் மூன்று முழுக்குப் போடும்.

கருடனோ செக்கச் சிவந்த சிறகும் பால்வெள்ளை மார்புமாக ஆகாயத்தில் வட்டமிட்டால் பார்க்கக் கண் கூசும். பெயர் பொன்சிறகர். தினமும் உச்சிவேளையில் மடுவுக்கு மேலே வருவார். உடனே அரங்கப்பர், "கருட தரிசனம்! கண்ணை மூடு!" என்று குரல் கொடுப்பார். எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். நிழல் கடந்துபோகும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் முட்டையெல்லாம் கூமுட்டை ஆகிவிடுமாம். மடுவில் ஆமைக்குத்தான் பக்தி அதிகம் என்று பெயர், ஏனென்றால் அது தலையையே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூக்கனுக்கு மட்டும் கும்பிட அனுமதி இல்லை. "நீ கும்பிட்டால் கருடனுக்குத் தீட்டு!" என்று சொல்லிவிட்டார்கள். அவன் அந்த நேரத்தில் தூரத்து மொட்டைப் பனையில் சும்மா உட்கார்ந்திருப்பான்.

அந்தக் கோடையில் வெடுக்கி சரளைக்கல் மேட்டில் மூன்று முட்டை இட்டாள். கூடு கிடையாது, குச்சி கிடையாது. வெறும் கல்லுக்கு நடுவே கல்லைப் போலவே மூன்று முட்டை. இடம் எது என்று சொந்த நாத்தனாருக்குக்கூட அவள் சொல்லவில்லை. "அவ பார்வையே சரியில்ல" என்றாள்.

பொன்சிறகர் கிழக்குத் துறைப் பாறையில் இறங்கி, "குழந்தாய், முட்டை இட்டிருக்கிறாயாமே!" என்று கேட்டார்.

வெடுக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆமாங்க சாமி! மூணு!"

"எங்கே? என் கண்ணுக்கே தெரியவில்லையே!"

"அதோ அந்த வெள்ளைக் கல்லு இருக்குதுல்ல சாமி, அதுக்குத் தெக்கால நாலு அடி!"

"எப்போது பொரியும்?"

"இன்னும் பதினஞ்சு நாள் சாமி!"

"நன்றாக இரு" என்று சொல்லிவிட்டு அவர் பறந்து போனார். சாமியே வந்து விசாரித்தது என்று வெடுக்கி அன்று முழுவதும் குதித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் உச்சிவேளைக் கும்பிடு முடிந்து கண்ணைத் திறந்தாள். முட்டை இரண்டுதான் இருந்தது!

அவள் நின்ற இடத்துக்கும் முட்டைக்கும் இரண்டு அடிகூட இல்லை. கல் கல்லாகப் புரட்டிப் பார்த்தாள். ஓட்டுத் துண்டுகூட இல்லை.

"யாரு வந்தா?" என்று புருஷனைப் பிடித்து உலுக்கினாள். அவன் பெயர் நெட்டையன். கால்தான் நீளம், பேச்சு குறைவு.

"யாரும் வரல புள்ள."

"அப்ப முட்டை நடந்தா போச்சு? கண்ணை மூடறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் பார்த்தேன். நரி இல்ல, பாம்பு இல்ல, உடும்பு இல்ல!"

நெட்டையன் யோசித்தான். "கருடன் மட்டும்தான் வந்தாரு."

"வாயை மூடு! சாமி வந்ததையெல்லாம் வந்ததா சேர்க்கலாமா? போட்டுக்க கன்னத்துல!"

அவன் போட்டுக்கொண்டான். அவளும் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மொட்டைப் பனையைப் பார்த்தாள். மூக்கன் அங்கே உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா!" என்றாள் வெடுக்கி. "அவன் முழியே சொல்லுதே!"

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. மூக்கன் சும்மா உட்கார்ந்திருந்தால், திட்டம் போடுகிறான் என்றாள். பறந்தால், நோட்டம் பார்க்கிறான் என்றாள். மூக்கன் சாப்பிட்டு முடித்ததும் மறுகாலில் இறங்கி வெகுநேரம் குளிப்பான். இதையும் அவள் விடவில்லை. "யோக்கியனா இருந்தா எதுக்கு இவ்வளவு நேரம் குளிக்கணும்? மஞ்சக்கருவைக் கழுவறான்!"

அரங்கப்பர் வீட்டிலும் ஒன்பது குஞ்சுகள் ஆறாகிவிட்டிருந்தன. "மூக்கனின் கண் பட்டுவிட்டது" என்று அவரும் சொல்லிவிட்டார். மடு முழுக்க அதே பேச்சு. இத்தனை பேர் சொல்லும்போது பொய்யாக இருக்குமா என்று வெடுக்கி நினைத்தாள். அத்தனை பேருக்கும் முதலில் சொன்னது அவள்தான் என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து, உச்சிவேளைக்குச் சற்று முன்னால், மூக்கன் சரளைக்கல் மேட்டை நோக்கி நடந்து வந்தான். ஆமாம், நடந்துதான் வந்தான். தத்தித் தத்தி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து.

வெடுக்கி ஐந்து கூவல் கூவினாள். மடுவே அதிர்ந்தது.

"தாயி, ஒரே ஒரு வார்த்தை" என்றான் மூக்கன்.

அவள் மறுபடியும் ஐந்து கூவினாள்.

"உச்சி நேரத்துல நீ என்ன பண்றேன்னா..."

இன்னொரு ஐந்து!

"அட, கத்தாம கேளு. நான் சொல்ல வந்தது..."

அவள் எங்கே கேட்டாள்? மேலே எழும்பி நேராகப் பாய்ந்து அவன் கண்ணுக்கு மேலே ஒரு கொத்துக் கொத்தினாள். ரத்தம் வழிந்து அவன் மூக்கில் இறங்கியது. மூக்கன் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவள் எலும்பு மிஞ்சியிருக்காது. அவன் தட்டவில்லை. பத்தடி பின்வாங்கி அங்கேயே நின்றான். போகவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அரங்கப்பரின் குரல் எழும்பியது. "கருட தரிசனம்! கண்ணை மூடு!"

வெடுக்கி மூக்கனைப் பார்த்தாள். திருடன் பத்தடியில் நிற்கிறான், கண்ணை எப்படி மூடுவது? ஆனால் மூடாவிட்டால் இருக்கிற முட்டையும் கூமுட்டை ஆகிவிடுமே! "சாமி, நீங்கதான் என் முட்டையைக் காப்பாத்தணும்" என்று மனதுக்குள் பொன்சிறகரை வேண்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

திறந்தபோது ஒரு முட்டைதான் இருந்தது.

பத்தடி தள்ளி நின்ற மூக்கன் இப்போது மூன்றடியில் நின்றான்! மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"நான் ஓடி வந்தேன், அதுக்குள்ள..." என்று ஆரம்பித்தான்.

"பிடிங்க! பிடிங்க!" என்று அலறினாள் வெடுக்கி. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மடுவிலிருந்த அத்தனை பேரும் ஓடி வந்து மூக்கனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அரங்கப்பர் தாமரை இலைமேல் ஏறி நின்று விசாரணையைத் தொடங்கினார். பொன்சிறகர் கிழக்குத் துறைப் பாறையில் அமர்ந்து அலகைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் பிறப்பு என்ன?"

"உங்களுக்குத் தெரியாததா? பாறு."

"தொழில்?"

"செத்ததைத் தின்னுறது."

"போதும்! பிறப்பிலேயே பிணம் தின்கிறவன். இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றான் மூக்கன். "முட்டைக்குள்ள உசிர் இருக்குது. உசிரோட இருக்கிற எதையும் நான் இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்ல. இந்த மடுவுல வேற யாராவது அப்படிச் சொல்ல முடியுமா? நீங்ககூட புழு தின்னுறீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அரங்கப்பருக்கு நாமம் தவிர மற்ற இடமெல்லாம் சிவந்தது. "அதிகப்பிரசங்கி! நீ எடுக்கவில்லை என்றால் வேறு யார் எடுத்தார்கள்?"

"நான் பார்த்தேன்."

"எப்படிப் பார்த்தாய்? அந்த நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தோமே!"

"என்னைக் கும்பிடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? கும்பிடாதவன் கண்ணை எதுக்குங்க மூடணும்?"

வெடுக்கிக்கு நெஞ்சில் ஏதோ முள் போலக் குத்தியது. அது என்ன என்று அவள் பார்க்க விரும்பவில்லை.

"யாரைப் பார்த்தாய்?" என்று கேட்டது ஆமை.

மூக்கன் வாயால் சொல்லவில்லை. கிழக்குத் துறைப் பாறையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போதும்! போதும்!" என்று அரங்கப்பர் பதறினார். "இவன் இருக்கிற பக்கம் நிற்பதே பாவம்! நாளை உச்சிவேளைக் கும்பிடு முடிந்ததும் இவன் இந்த மடுவை விட்டுப் போய்விட வேண்டும். மறுகாலில்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் தொடக் கூடாது!"

அது சித்திரை மாதம். அங்கிருந்து இரண்டு நாள் பறந்தாலும் வேறு தண்ணீர் கிடையாது. தீர்ப்பு என்னவென்று எல்லாருக்கும் புரிந்தது.

கூட்டம் கலைந்தது. மூக்கன் வெடுக்கியைக் கடந்து போகும்போது நின்றான். கண்ணுக்கு மேலே ரத்தம் காய்ந்திருந்தது.

"நாளைக்குக் கும்பிடும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து வை."

"என் கடைசி முட்டையும் கூமுட்டையாப் போறதுக்கா? நல்லா யோசனை சொல்ற! எனக்கு உதவி பண்ண வந்துட்டியாக்கும்!"

"உனக்கு யாரு உதவி பண்ண வந்தா?" என்று மூக்கன் எரிந்து விழுந்தான். "முத முட்டை போனப்பவே பார்த்தேன். நமக்கென்னன்னு இருந்துட்டேன். மனசு கேக்காம இன்னிக்குச் சொல்ல வந்தேன், கொத்து வாங்கினதுதான் மிச்சம். இப்ப எனக்குத் தண்ணி வேணும். அதுக்காகச் சொல்றேன். திறந்தா திற, திறக்காட்டிப் போ!"

அவன் இனிமையாகப் பேசியிருந்தால் வெடுக்கி ஒரு வார்த்தை நம்பியிருக்க மாட்டாள். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் அவளுக்கு உடனே சந்தேகம் வரும். இவன் தன் தொண்டைக்காகப் பேசுகிறான். அது பொய் மாதிரித் தெரியவில்லை.

சாயங்காலம் அவள் சரளைக்கல் மேட்டை ஒருமுறை சுற்றி வந்தாள். காவல்காரி அல்லவா, தடம் பார்க்கத் தெரியும். கல்லுக்கு இடையே புழுதியில் மூக்கனின் கால் பெரிது பெரிதாகப் பதிந்திருந்தது. பத்தடியில் நின்ற தடம் இருந்தது. அங்கிருந்து வேகமாக ஓடி வந்த தடம். முட்டைக்கு மூன்றடி முன்னால் அது நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் முட்டைவரை அவள் தடமும் நெட்டையன் தடமும்தான் இருந்தன.

ஒருமுறை பார்த்தாள். மறுமுறை பார்த்தாள். முட்டையை எடுத்தவன் மண்ணில் கால் வைக்கவில்லை. நடக்காமல் வந்திருக்கிறான். நடக்காமல் என்றால் எப்படி வந்திருப்பான்?

அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்து கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டாள். "தப்பு, தப்பு" என்றாள். ஆனால் சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அவளை விட்டுப் போகாது. இத்தனை காலம் அது எல்லார் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறது. ஒரே ஒரு வீட்டுப் பக்கம் மட்டும் அதைப் போகவிடாமல் வைத்திருந்தவள் அவளேதான்.

மறுநாள் உச்சி நெருங்கியது. வெடுக்கி முட்டைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கப் போறேன்" என்றாள் புருஷனிடம்.

நெட்டையன் நடுங்கிப் போனான். "வேணாம் புள்ள! இருக்கிறது ஒண்ணே ஒண்ணு! அது கூமுட்டையாப் போச்சுன்னா?"

"கண்ணை மூடி ரெண்டு போச்சு. மூடினாலும் போகுதுன்னா திறந்துதான் பாக்கறேனே."

சொல்லிவிட்டு முட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தாள். ஒருவேளை அரங்கப்பர் சொல்வதே உண்மையாக இருந்தால்? தன் கையாலேயே தன் பிள்ளையைக் கொன்றவள் ஆகிவிடுவாளே!

"கருட தரிசனம்! கண்ணை மூடு!"

மடு முழுவதும் தலை குனிந்தது. ஆமை உள்ளே போனது. வெடுக்கியும் குனிந்தாள். வலக்கண்ணை மூடிக்கொண்டாள். இடக்கண்ணைத் திறந்து வைத்தாள்.

முதலில் நிழல் மட்டும்தான் தெரிந்தது. சரளைக்கல்மேல் அது வட்டமாகச் சுற்றியது. பிறகு சுற்றுவதை விட்டுவிட்டு அவளை நோக்கி நேராக வந்தது. பால்வெள்ளை மார்பு இறங்கியது. சிவந்த சிறகு மடங்கியது. 'சாமி ஆசீர்வாதம் பண்ணத்தான் இறங்கறாரு' என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் கருடனின் கால் அவள் முட்டையைப் பற்றியது.

கூவ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை! நரிக்கு ஒன்று, பாம்புக்கு இரண்டு. கருடனுக்கு எத்தனை? கருடனுக்குக் கூவல் என்று ஒன்றை யாரும் வைக்கவே இல்லையே!

அவள் எல்லாவற்றையும் கூவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, மறுபடி ஒன்று என்று கணக்கில்லாமல் தொண்டை கிழியக் கூவினாள். நரிக்கூட்டமும் பாம்புக்கூட்டமும் ஒன்றாகப் புகுந்துவிட்டதோ என்று மடு முழுவதும் கண்ணைத் திறந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். பொன்சிறகர் சரளைக்கல் மேட்டில் ஒரு காலால் நின்றார். மறு கால் முட்டைமேல் இருந்தது.



"ஆசீர்வதிக்க வந்தேன்" என்றார் பொன்சிறகர்.

"காலாலயா?" என்று கேட்டான் நெட்டையன். வாழ்நாளில் அவன் யாரையும் எதிர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அரங்கப்பர் நீந்திக் கரையேறி ஓடி வந்தார். "பெரியவர்கள் பாதம் பட்டால் பாக்கியம் அல்லவா! எல்லாரும் கண்ணை மூடுங்கள்! மூடுங்கள் என்கிறேனே! இவள் கண்ணைத் திறந்ததே முதல் குற்றம்! சாமி, மன்னிக்க வேண்டும், தங்கள் பாதத்தில் ஏதோ தூசி..."

தூசியைத் துடைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அது தூசி இல்லை. நகத்தில் சிக்கியிருந்த மென்மயிர். செக்கச்செவேலென்ற மென்மயிர். அந்த மடுவில் தலை சிவந்த குஞ்சுகள் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு.

"இது எங்க கடைக்குட்டியோட..." என்றார் அரங்கப்பர். "காலையில பாலாடை மாதிரி மிதந்துக்கிட்டு இருந்துச்சே..." அவர் பேச்சில் இருந்த கம்பீரமெல்லாம் போய், வெறும் அப்பாவாக நின்றார்.

பொன்சிறகருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் குலம் எது தெரியுமா உங்களுக்கு? பெருமாளையே தோளில் சுமந்த குலம்! என்னைக் கேள்வி கேட்க நீங்கள் யார்?"

"சுமந்தவரு வேற, நீ வேற!" என்று வெடுக்கி சீறினாள். அவள் வாயிலிருந்து சாமி போய்விட்டது. "என் முட்டைமேல இருக்கிறது உன் காலு! எடு!"

கருடன் எடுக்கவில்லை. சிரித்தான். நகத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். "எடுக்காவிட்டால்?"

வெடுக்கி பாய முடியாமல் தவித்தாள். அவள் பாய்ந்தால் அவன் கால் முட்டையை நசுக்கிவிடும்.

அப்போது தலைக்கு மேல் ஒரு பெரிய சிறகோசை கேட்டது. மொட்டைப் பனையிலிருந்து மூக்கன் வந்து கருடனுக்கு எதிரே இறங்கினான். நின்றால் கருடனைப்போல மூன்று மடங்கு இருந்தான். அவன் அடிக்கவில்லை. சத்தம் போடவில்லை. நீளக் கழுத்தை வளைத்து, கருடனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தான். தன் சாப்பாட்டை அவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான்.

"நான் உசிரோட இருக்கிறதைத் தொடமாட்டேன்" என்றான். "செத்த பிறகு யார்னு பாக்கமாட்டேன். இத்தனை பேர் பிள்ளையைத் தின்னுட்டு இவங்களுக்கு நடுவுல நிக்கிற. இவங்க உன்னை முடிச்சாங்கன்னா அப்புறம் நான் வரணும். காலை எடு."

கருடன் சுற்றிப் பார்த்தான். கண்ணை மூடிக் குனிந்த தலைகளையே பார்த்துப் பழகியவன் அவன். இப்போது அத்தனை கண்ணும் திறந்திருந்தது. அத்தனையும் அவனையே பார்த்தது. அவனுக்கு அது தாங்கவில்லை. காலை எடுத்தான். சிறகை விரித்து எழும்பினான். மடுவிலிருந்த பறவைகள் எல்லாம் கூச்சலிட்டுக்கொண்டு காட்டு எல்லைவரை அவனைத் துரத்திக்கொண்டு போயின.

வெடுக்கி மட்டும் போகவில்லை. முட்டையைப் புரட்டிப் பார்த்தாள். ஓட்டில் ஒரு நகக்கீறல். விரிசல் இல்லை. வயிற்றை வைத்து மெல்ல அமர்ந்தாள். உள்ளிருந்து ஏதோ ஒன்று மெதுவாக அசைந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

துரத்திப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அரங்கப்பர் முகத்தைக் கழுவிக்கொண்டு தாமரை இலைமேல் ஏறினார். ஏறியதும் பழைய குரல் வந்துவிட்டது.

"நாம் பெரிய தவறு செய்துவிட்டோம்! மூக்கனார் சாதாரணப் பிறப்பாக இருக்க முடியாது! போன பிறவியில் ஏதோ ஒரு மகானாக இருந்திருக்க வேண்டும்! ஆகவே, நாளை முதல் உச்சிவேளையில் மூக்கனார் மடுவுக்கு மேலே வட்டமிடுவார்! நாம் அனைவரும் கண்ணை மூடிக் கும்பிடுவோம்!"

"கும்பிடுவோம்! கும்பிடுவோம்!" என்று கூட்டம் ஆரவாரித்தது. ஆமை அப்போதே தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அட நிறுத்துங்கப்பா!" என்று கத்தினான் மூக்கன்.

எல்லாரும் திகைத்தார்கள்.

"கண்ணை மூடி மூடித்தானே இத்தனையும் பறிகொடுத்தீங்க? மறுபடியும் மூடறோம்னு சொல்றீங்க? நேத்து வரைக்கும் பாறுன்னு விரட்டினீங்க. இன்னிக்கு மகான்னு கும்பிடறீங்க. ரெண்டு தடவையும் என்னை யாரும் பார்க்கலியே! நான் நாளைக்குத் தப்புப் பண்ணமாட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. என்னையும் கண்ணைத் திறந்து பாருங்க. எனக்கு ஒரு மகன் பிறந்தா அவனையும் பாருங்க. அவ்வளவுதான் வேணும்."

"அப்படியானால்... தங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாமா?" என்று அரங்கப்பர் தடுமாறினார்.

"வேணும். தாகமா இருக்கு."

மூக்கன் தத்தித் தத்தி நடந்து நேராகக் கிழக்குத் துறைக்குப் போனான். கூட்டம் வாய் பிளந்து வழிவிட்டது. ஊற்றுத் தண்ணீரில் அலகை வைத்து, அவசரப்படாமல், வயிறு நிறையக் குடித்தான். யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் எப்போதும் போலத் தெளிவாகவே இருந்தது.

வெடுக்கி நெட்டையனை முட்டைக்குக் காவல் வைத்துவிட்டு மெதுவாக அவன் அருகில் போனாள். இதுவரை அவனை அவள் முறையாக அழைத்ததே இல்லை. டேய் என்பாள், இல்லாவிட்டால் ஐந்து முறை கூவுவாள்.

"மூக்கண்ணே" என்றாள். "அந்தக் காயம்... நான் தெரியாம கொத்திட்டேன்."

"தெரியாமயா? குறிபார்த்துத்தானே கொத்தின."

வெடுக்கி தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னும் வலிக்குதாண்ணே?"

"வலிக்குது" என்றான் மூக்கன். கொஞ்ச நேரம் கழித்து, "தலையைக் குனியாத தாயி. நிமிர்ந்து பாரு. காவல்காரி பார்க்காம இருந்தா எப்படி?" என்றான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

பிறந்த குலத்தை வைத்து ஒருவரைக் கும்பிடுவதும் தவறு, வெறுப்பதும் தவறு. அவரவர் செய்வதைக் கண்ணைத் திறந்து பார்த்து, அதைக் கொண்டே அவரவர் யார் என்று அறிய வேண்டும்.